கேட்காத ஒரு சொல்

சிடி சிக்குகிற இடம் வந்தால் அப்பா பதில் சொல்வார். அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

சிக்குவது பெரிய விஷயமில்லை. கீறல் விழுந்த சிடி சிக்காமல் பின்னே என்ன செய்யும்? ஆனால் அம்மாவின் குரல் அந்த இடத்துக்கு வந்து, "திறந்து… திறந்து… திற… திற…" என்று உடைந்து, கடைசியில் வெறும் இரைச்சலாகி நிற்கும்போது, அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாத்தியாருக்குப் பதில் சொல்கிற பையனைப் போல, "மாட்டேன், மாட்டேன்" என்பார். பிறகு வாசல் கதவைப் பார்ப்பார். பிறகு அழத் தொடங்குவார். கண்ணைத் துடைத்துவிட்டால் நின்றுபோகிற அழுகை இல்லை அது. மாடி வீட்டம்மா இறங்கி வந்து, "பாவம்தான், இல்லேங்கல. ஆனா எங்க வீட்லயும் மனுஷங்க இருக்காங்கல்ல?" என்று சொல்லிவிட்டுப் போகிற அழுகை.

அந்த சிடி அம்மா செய்துவைத்துவிட்டுப் போன ஏற்பாடு. அம்மா கெட்டிக்காரி. தனக்கு நாள் அதிகமில்லை என்பதும், கணவருக்கு ஞாபகம் தவறிக்கொண்டே வருகிறது என்பதும் ஒன்றாகத் தெரியவந்தபோது, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போய்த் தன் குரலைப் பதிந்து ஒரு சிடியாக வாங்கி வந்துவிட்டது. அப்பாவுக்கு போன் எல்லாம் கையில் நிற்காது. பழைய சிடி பிளேயரின் பெரிய பட்டனை மட்டும் அமுக்கத் தெரியும். "என்னங்க, விளக்கப் போட்டாச்சா? ஸ்வெட்டர எடுத்து மாட்டிக்குங்க. கண்ணாடிய நாற்காலில வச்சிட்டு அது மேலயே உக்காராதீங்க, ஏற்கெனவே ரெண்டு போச்சு" என்று ஆரம்பித்து, கடைக்குக் கிளம்புகிறவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவதைப் போல அம்மா பேசிக்கொண்டே போகும். பொழுது சாயும் நேரத்தில் இந்த நோய்க்காரர்களுக்கு மனசு கலங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்துக்கென்றே அம்மா பேசியது அது.

அம்மா இறந்தபோது அவள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். அந்தப் பெண் ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டாள், செருப்பைக்கூட மாட்டாமல். வாசல் கதவு திறந்தே கிடந்ததாம். அதற்குப் பிறகுதான் இவள் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அவள் வரும்போதே சிடியில் கீறல் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தின் முடிவை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"பொழுது சாஞ்சப்புறம் நான் வந்து கூப்பிட்டா, கதவத் திறந்து…"

அவ்வளவுதான். அப்புறம் இரைச்சல். அப்புறம், "சரியா? நல்ல பிள்ளையா இருங்க."

கேட்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆஸ்பத்திரி, கோர்ட், கம்பெனி மீட்டிங் என்று எங்கெங்கோ பதிவான பேச்சுகள் வரும். அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் செய்து அனுப்ப வேண்டும். காது புளித்துப்போகிற வேலை. இருமலையும் ஏப்பத்தையும் கேட்டுக்கேட்டு மனுஷ குலத்தின் மேலேயே ஒரு சலிப்பு வந்துவிடும். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஒரு சொல் சரியாகக் கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் 'கேட்கவில்லை' என்று போட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. "நாம டைப்பிஸ்ட்டும்மா, ஜோசியக்காரங்க இல்ல" என்பார் மேலதிகாரி. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சொல்லைக்கூட ஊகித்தது கிடையாது.

அண்ணன் போனில் கூப்பிட்டான். "உன்னால முடியலன்னா சொல்லிடு. முதியோர் ஹோம்ல இடம் இருக்கு, நானே விசாரிச்சிட்டேன். மாடியில இருக்கறவங்க எனக்கே போன் போட்டுப் புலம்பறாங்க."

"முடியும்ண்ணா. அந்த சிடி சரியானா அப்பா சரியாயிடுவாரு."

"எத்தன நாளா இதையே சொல்ற? மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஹோமில் பெரியப்பாவைச் சேர்த்தபோது அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து முடிந்துபோனார். அப்பாவுக்கு அந்த கதி வரக் கூடாது. அவளுக்கு இருந்த பிடிவாதமெல்லாம் அது ஒன்றுதான்.

தெருமுனை கம்ப்யூட்டர் கடைக்காரனை எல்லோரும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டேதான் மனுஷனைப் பார்ப்பான். சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"குறுக்கால விழுந்த கீறல்னா தப்பிச்சுக்கலாம்க்கா. இது வளைஞ்சு, பதிவு ஓடற சுத்துலயே போகுது. அதுவும் பேர் எழுதற பக்கத்துல. அந்தப் பக்கம் பட்டா ஆபத்து, பதிவு அதுக்கு அடியிலதான் இருக்கும்."

"கீழ போட்டிருப்பாரு."

"கீழ விழுந்தா இப்படி விழாது." அவன் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். "யாரோ நிதானமா உக்காந்து, வளைச்சு, அந்த ஒரு இடத்த மட்டும் சுரண்டியிருக்காங்க."

"அப்பாவா இருக்கும்."

"அப்பாவுக்குக் கை நடுங்கும்னு சொன்னீங்களே?"

 சிடியை அவனிடம் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, சாயங்காலம் அப்பாவுக்கு வேண்டும். அவன் ஒரு சிடி டிரைவையும் பென் டிரைவையும் கொடுத்தான். பென் டிரைவில் மூன்று சாஃப்ட்வேர் இருந்தது.

"மொதலாவது அவசரக்குடுக்கை. சரசரன்னு படிச்சிட்டு, கீறல் வந்தா தாண்டிப் போயிடும். ரெண்டாவது சந்தேகப் பிராணி. ஒவ்வொரு துண்டையும் ரெண்டு தடவ படிக்கும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் நம்பும், இல்லன்னா திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டே கெடக்கும். உயிர வாங்கிடும், ஆனா பொய் சொல்லாது."

"மூணாவது?"

"வாயாடி. படிக்க முடியாத எடத்துல அதுவா பேசும். முன்னாடி பின்னாடி இருக்கற குரல வச்சு இட்டு நிரப்பிடும். புதுசா வந்திருக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "என்னக் கேட்டா, அந்த எடத்த வெறுமனே விட்டுடுங்கக்கா. சத்தம் இல்லாம இருந்துட்டுப் போகட்டும்."

சத்தமில்லாமல் விட்டாலும் அப்பா அழுதார். அவசரக்குடுக்கையை வைத்து முதல்நாள் அவள் எடுத்த பிரதியில் அந்த இடம் காலியாக இருந்தது. இரைச்சல் இல்லை, ஒன்றுமில்லை. அப்பா அந்தக் காலியிடத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார். "மாட்டேன்" என்றார். வாசல் கதவைப் பார்த்து இன்னும் சத்தமாக, "மாட்டேன்னு சொல்றேன்ல!" என்றார். மாடியில் நாற்காலி நகர்ந்தது.

மறுநாள் மத்தியானம் பிடித்த மழை நிற்கவே இல்லை. வீடு முழுக்க ஈரத் துணி வாடையும் மாத்திரை வாடையும் கலந்து அடித்தது. அப்பா உள்ளறையில் தூங்கினார். அவள் ஆபீஸ் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு, கண் எரிய எரிய, சந்தேகப் பிராணியை ஓடவிட்டாள். டிரைவ் சுற்றும் சத்தம் ஏறி, இறங்கி, தயங்கி, மறுபடி ஏறியது. மேசையில் கைவைத்தால் அந்த நடுக்கம் முழங்கைவரை வந்தது. மற்ற இடமெல்லாம் ஒத்துப்போனது. அந்த ஓர் இடத்துக்கு வந்ததும் திரையில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தது. 'ஒத்துப்போகவில்லை. மீண்டும் படிக்கிறது.'

படித்ததையெல்லாம் அது தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தது. கேட்டுத்தான் பார்ப்போமே என்று அவள் ஹெட்போனை மாட்டினாள். முதல் துண்டில் ஒன்றுமில்லை. அடுத்ததில் மூச்சு மாதிரி ஒரு சத்தம், யாரோ பேச வாய் திறந்து பேசாமல் நிறுத்திக்கொண்டதைப் போல. சிடியில் இருப்பது மாறாதே, படிப்பதில்தானே கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த துண்டில் மரத்தில் நகம் கீறும் சத்தம். மேலிருந்து கீழே, மெதுவாக. நின்றது. மறுபடி, மேலிருந்து கீழே.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

சத்தம் நிற்கவில்லை.

வாசல் கதவில் கேட்டது. மேலிருந்து கீழே. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது.

மாடி வீட்டு நாய். நாயாகத்தான் இருக்கும். மழைக்கு ஒதுங்கியிருக்கும். அவள் எழுந்தாள். ஈரத் தரை காலில் ஒட்டியது. கதவருகே போய் நின்றாள். அந்தப் பக்கம் மூச்சுக்கூட இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"மாட்டேன்" என்றார் அப்பா.

தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள். அறை வாசலில் நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.   அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். சற்று நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

அன்று சாயங்காலம் அப்பா அழுத அழுகையில் மாடி வீட்டம்மா கீழே வரவில்லை. நேராக அண்ணனுக்கே போன் போட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வரேன். அவரோட துணியெல்லாம் எடுத்து வை" என்றான் அண்ணன். போனை வைத்துவிட்டான்.

அவளுக்கும் ஒரு எல்லை இருக்கிறதல்லவா? எத்தனை நாள்தான் ஒரு பெண் அரைத் தூக்கத்தில் டைப் அடித்து, அரை வயிற்றில் சமைத்து, ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, அழ அழச் சமாதானம் செய்துகொண்டிருப்பாள்? சீ, போ என்று சந்தேகப் பிராணியை மூடினாள். வாயாடியைத் திறந்தாள்.

அது சட்டென்று வேலையை முடித்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் நின்று ஒரு பெட்டியைக் காட்டியது. 'இங்கே என்ன பேசப்பட்டது? தெரிந்தால் எழுதவும்.'

தெரியாதுதான். ஆனால் தெரியாமல் என்ன? வெளியே போன பெண்டாட்டி திரும்பி வந்து கூப்பிட்டால் என்ன சொல்வாள்? அம்மா கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் தட்டும். அப்பா டிவி சத்தத்தில் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். அம்மா வெளியே நின்று திட்டும். சின்ன வயசிலிருந்து பார்த்ததுதானே. இதில் ஊகிக்க என்ன இருக்கிறது? கண் சொருகியது. விரல் தானாக நகர்ந்தது. 'திறந்துடுங்க' என்று டைப் செய்தாள்.

அம்மா பேசியது. "பொழுது சாஞ்சப்புறம் நான் வந்து கூப்பிட்டா, கதவத் திறந்துடுங்க. சரியா? நல்ல பிள்ளையா இருங்க." ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை. அம்மாவின் மூக்கடைப்புகூட அப்படியே இருந்தது.  அவள் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

புது சிடியில் எழுதி, அடுத்த நாள் சாயங்காலம் பிளேயரில் போட்டாள். அப்பா பட்டனை அமுக்கினார். விளக்கு, ஸ்வெட்டர், கண்ணாடி எல்லாம் வந்தது. அந்த இடமும் வந்தது. வந்து, சிக்காமல் போயிற்று.

அப்பா வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நெஜமாவா பாப்பா? தெறக்கலாமா?"

"ஆமாப்பா. அம்மாவே சொல்றாங்கல்ல?"

"முன்னாடி வேற மாதிரி சொன்னாளே?"

"அது கீறல்ப்பா. இப்ப சரி பண்ணியாச்சு."

அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "பாவம், எத்தன நாளா வெளியவே நிக்கறா" என்றார். அழவில்லை. சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். அவளுக்கு அண்ணனைக் கூப்பிட்டு, 'வராதே, ஒன்றும் வேண்டாம்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பழைய சிடியை அன்று காலையில்தான் லென்ஸிடம் கொடுத்திருந்தாள். வேலைப் புத்தி விடுமா? ஊகித்து எழுதியது மனசில் முள்ளாக இருந்தது. என்னதான் அம்மா சொன்னது என்று சும்மா தெரிந்துகொள்ள, "உன்னோட மெஷின்ல அந்த சந்தேகப் பிராணிய ஓடவிட்டுப் பாரு" என்று சொல்லியிருந்தாள். இப்போது போன் வந்தது. "வந்துடுச்சுக்கா. கடைய மூடப்போறேன், வந்து வாங்கிக்கறீங்களா?" என்றான் லென்ஸ். குரல் ஒரு மாதிரி இருந்தது.

தெருமுனைதான். அப்பா அமைதியாக இருந்தார். வெளியே பூட்டினால் அவர் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிடும், ஒரு தடவை பட்டதே போதும். "இதோ வந்துடறேன்ப்பா" என்று கதவைச் சாத்திவிட்டு மட்டும் போனாள். மழை விட்டிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தெரு விளக்கு இன்னும் போடவில்லை.

லென்ஸின் கண்ணில் பூதக்கண்ணாடி இல்லை. "பகலெல்லாம் ஒத்தே போகலக்கா. விட்டுடலாம்னு நெனச்சேன். திடீர்னு ரெண்டு தடவையும் ஒண்ணா வந்துச்சு. இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லங்கற மாதிரி."

"எப்ப?"

"இப்பத்தான். உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடி."

அப்பா சிரித்த நேரம். 

அவன் பட்டனைத் தட்டினான். சின்ன ஸ்பீக்கரில் அம்மா பேசியது. குரலில் அவசரம் இருந்தது. பயம் இருந்தது. வாயாடியால் அந்த பயத்தை இட்டு நிரப்ப முடியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பொழுது சாஞ்சப்புறம் நான் வந்து கூப்பிட்டா, கதவத் திறந்துடாதீங்க. அது நான் இல்ல. சரியா? நல்ல பிள்ளையா இருங்க."

கடையை விட்டு எப்படி இறங்கினாள் என்று தெரியாது. ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள்.  ஒரு 'ஆ'. ஒரு 'தீ'. அவ்வளவுதான் வித்தியாசம். கடவுளே, அவ்வளவுதான்.

கதவு சாத்தியிருந்தது. சாத்திவிட்டுப் போனபடியே. அப்பாடா என்று தள்ளினாள்.

திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அப்பா!"

கதவைத் தட்டினாள்.

"அப்பா, நான்தாம்ப்பா. பாப்பா. கதவத் திறங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் கேட்டது. அப்பா காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், அந்தச் சத்தம். அதன் கூடவே இன்னொரு சத்தமும் வந்தது. தேய்க்காமல் வந்தது. வெறுங்காலில்.

கதவை ஒட்டியிருந்த ஜன்னலுக்குத் தாவினாள். கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. கையால் துடைத்தாள். உள்பக்கம் படிந்திருந்த நீராவி அது, துடைத்தும் போகவில்லை. அதற்குப் பின்னால் அப்பாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஸ்வெட்டர் மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தது. தலை வாரி விடப்பட்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். தெரியாத மனுஷியைப் பார்க்கிற பார்வை.

"அப்பா, என்னப் பாருங்க. உள்ள யாரு? யாருப்பா உள்ள?"

அப்பா தாழ்ப்பாள் இருந்த பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

அப்போது அம்மா பேசியது. பிளேயரிலிருந்து அல்ல. அப்பாவின் காதருகிலிருந்து. மூக்கடைப்போடு, அன்பாக, அவசரமே இல்லாமல்.

"திறந்துடாதீங்க. அது நம்ம பொண்ணு இல்ல."

"சரிம்மா" என்றார் அப்பா.

அவர் திரும்பி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்து அவளையே பார்த்தார். பயந்துபோய், இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகள் நடுங்கின. இரண்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவருக்குப் பின்னாலிருந்து நீண்டு வந்து, ஜன்னல் திரையைப் பிடித்து, மெல்ல இழுத்து மூடிய கை நடுங்கவில்லை.